மென்பொருள் தொகுப்புகளில் தானியங்கிச் சோதனை: முன்னமைவு எவ்வாறு இருத்தல் வேண்டும்?

அரசு அலுவலகமாயினும், கூட்டுறவு வங்கியாயினும், மருத்துவமனையாயினும் இன்று கணிப்பொறியின் துணையின்றி நடைபெறும் பணிகள் மிகச் சிலவே. இப்பணிகளுக்கான புதிய மென்பொருளோ, பழைய மென்பொருளின் திருத்தமோ வரும்போது, அது பெரும்பாலும் ஒரு நிறுவு தொகுப்பாகவே வந்து சேர்கிறது. நிரலின் கோப்புகள், அவை சென்று அமர வேண்டிய இடங்கள், கணிப்பொறியில் செய்யப்பட வேண்டிய பதிவுகள், பின்னர் அம்மென்பொருளை நீக்கும்போது எவற்றை அகற்ற வேண்டும் என்னும் விவரம் ஆகிய அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டித் தருவதே நிறுவு தொகுப்பாகும். இதனை உருவாக்கித் தரும் மென்பொருளைத் தொகுப்புக் கருவி எனலாம்.

தொகுப்பில் உள்ள குறை, அதனை உருவாக்குபவரின் மேசையில் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. அவருடைய கணிப்பொறியில் தேவையான கோப்புகள் யாவும் முன்னரே இருக்கும். குறை வெளிப்படுவது, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், அதே தொகுப்பை நிறுவிய அலுவலகத்தின் கணிப்பொறியில்தான். தவறு செய்பவர் ஒருவர், துன்புறுபவர் வேறொருவர் என்ற இந்த இடைவெளியே தானியங்கிச் சோதனைகளைத் தேவையாக்கியது. தொகுப்புக் கருவியே, தான் உருவாக்கிய தொகுப்பை வெளியே அனுப்புமுன் குறிப்பிட்ட விதிகளின்படி ஆராய்ந்து, குறை கண்டால் அறிவிக்கிறது. கருவூலத்தில் பட்டியலை ஏற்குமுன் கையொப்பம், கணக்குத் தலைப்பு, கூட்டுத்தொகை ஆகியவற்றைச் சரிபார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

இச்சோதனைகளில் எவை தாமாகவே நடைபெற வேண்டும், எவை கேட்டால் மட்டுமே நடைபெற வேண்டும், குறை கண்டால் வேலையை நிறுத்த வேண்டுமா, எச்சரித்துவிட்டு மேலே செல்ல வேண்டுமா என்பவற்றைக் கருவியை உருவாக்குவோர் முன்கூட்டியே தீர்மானித்து வைக்கின்றனர். பயன்படுத்துபவர் வேறு எதனையும் தேர்ந்தெடுக்காதபோது தானே நடைமுறைக்கு வரும் இந்த ஏற்பாட்டையே முன்னமைவு என்கிறோம். கணிப்பொறித் துறையில் இது ‘டிஃபால்ட்’ எனப் பெரிதும் வழங்குகிறது.

முன்னமைவின் வலிமை

விரும்பியவாறு மாற்றிக்கொள்ளக்கூடியதுதானே, அது எவ்வாறு இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் மாற்றும் உரிமை இருந்தும் பெரும்பாலோர் மாற்றுவதில்லை என்பதே அனுபவம் காட்டும் உண்மை. உடலுறுப்புக் கொடைக்கான இசைவு பற்றி ஜான்சன், கோல்ட்ஸ்டைன் என்னும் அறிஞர்கள் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். விருப்பமுள்ளோர் முன்வந்து இசைவு தெரிவிக்க வேண்டும் என்ற விதியிருந்த ஜெர்மனியில் இசைவளித்தோராகக் கருதப்பட்டவர்கள் 12 சதவீதத்தினர். மறுப்புத் தெரிவிக்காதோர் அனைவரும் இசைந்தவர்களே என்ற விதியிருந்த ஆஸ்திரியாவில் அவ்விகிதம் 99 சதவீதத்திற்கும் அதிகம். அண்டை நாடுகளுக்கிடையே இத்துணை வேறுபாடு தோன்றியதற்கு முன்னமைவே முதன்மையான காரணம் என்று அவ்வாய்வு சுட்டியது. நம் நாட்டில் 2018-19-ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையும் மக்களின் நடத்தை சார்ந்த பொருளியலுக்கென ஒரு தனி அத்தியாயத்தை ஒதுக்கியது.

மென்பொருள் துறையினரும் இதற்கு விலக்கல்லர். தொகுப்புக் கருவியின் நூற்றுக்கணக்கான அமைப்புகளையும் படித்தறிந்து தேர்ந்தெடுக்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. எனவே கருவியை உருவாக்குவோர் வைக்கும் முன்னமைவே, நடைமுறையில் அக்கருவியைக் கையாளும் அனைவருக்குமான கொள்கையாகிவிடுகிறது.

விண்டோஸ் தொகுப்புகளின் அனுபவம்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘விண்டோஸ் இன்ஸ்டாலர்’ என்னும் நிறுவு முறை, 1999-ஆம் ஆண்டில் ‘ஆஃபீஸ் 2000’ மென்பொருளுடன் பரவலாக அறிமுகமாயிற்று. இம்முறையில் நிறுவு தொகுப்பு என்பது ஒரு தரவுத்தளம். கோப்புகளுக்கு ஓர் அட்டவணை, பதிவுகளுக்கு ஓர் அட்டவணை, கூறுகளுக்கு ஓர் அட்டவணை எனப் பல அட்டவணைகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ஓர் அட்டவணையில் நேர்ந்த பிழை, மற்றோர் அட்டவணையின் பொருளையே மாற்றிவிடக்கூடும்.

இப்பிணைப்பைச் சரிபார்க்க ‘ஐஸ்’ எனச் சுருக்கமாக வழங்கும் உள்ளிசைவுச் சோதனைகள் வகுக்கப்பட்டன. அவற்றின் வரிசை எண்கள் நூற்றைக் கடந்து செல்கின்றன. எடுத்துக்காட்டாக 30-ஆம் எண் சோதனையைக் காண்போம். ஒரே கோப்பை ஒரே இடத்தில் நிறுவும் பொறுப்பு இரண்டு வெவ்வேறு கூறுகளுக்குத் தரப்பட்டிருக்கிறதா என்று அது ஆராய்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலர், ஒரு கூறு எத்தனை மென்பொருள்களுக்குத் தேவைப்படுகிறது என்பதைக் கூறுவாரியாகக் கணக்கு வைத்திருக்கிறது. ஒரே கோப்பு இரண்டு கூறுகளின் கணக்கில் இருந்தால், ஒரு கூறு நீக்கப்படும்போது மற்றதற்குத் தேவையான கோப்பும் உடன் போய்விடக்கூடும். நிறுவும்போது இக்குறை தலைகாட்டாது. பல மாதங்கள் கழித்து வேறொன்றை நீக்கும்போதுதான் தெரியவரும். அப்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது அரிது. இத்தகைய மறைவான குறைகளுக்கே தானியங்கிச் சோதனை பெரிதும் பயன்படுகிறது.

இச்சோதனைகள் தரும் செய்திகள் நான்கு வகைப்படும். சோதனையே இயங்க இயலாமற் போனது என்ற அறிவிப்பு ஒன்று, தொகுப்பில் பிழை உள்ளது என்பது இரண்டாவது, எச்சரிக்கை மூன்றாவது, தகவல் நான்காவது. முதலிரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு கருதத்தக்கது. ‘தொகுப்பு குறையுடையது’ என்பது வேறு, ‘தொகுப்பை என்னால் ஆராய முடியவில்லை’ என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதனால் விளையும் தீமையைப் பின்வரும் செய்தியிலிருந்து அறியலாம்.

‘விக்ஸ்’ என்பது விண்டோஸ் நிறுவு தொகுப்புகளை உருவாக்கும் கருவி. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் திறந்த மூல உரிமத்தின் கீழ் இதனை வெளியிட்டது. இதன் மூன்றாம் பதிப்பில், தொகுப்பு உருவாகி முடியும் கட்டத்திலேயே ஐஸ் சோதனைகள் தாமாக நடைபெறுமாறு முன்னமைவு வைக்கப்பட்டிருந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் அச்சோதனைகள் இயங்குவதற்கு விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவையும், சில சோதனைகளுக்கு விபிஸ்கிரிப்ட் போன்ற இயக்குநிரலும் தேவை. தொகுப்புகளைத் தானே உருவாக்கும் வழங்கிக் கணிப்பொறிகள் குறைந்த அதிகாரம் உடைய கணக்குகளில் இயங்குவது வழக்கம். அங்கே சோதனைகள் இயங்க முடியாமல் நின்றுபோவதும், அதனால் தொகுப்பு வேலை முழுவதும் தோல்வியுறுவதும் அடிக்கடி நேர்ந்தன. தொகுப்பில் குறையொன்றும் இராது. சோதனையிடுவதற்கான வசதியில்தான் குறை.

இந்நிலையில் பலர் கண்ட வழி எளியது. எல்லாச் சோதனைகளையும் ஒருங்கே நிறுத்திவிடும் விருப்பத் தெரிவும் அக்கருவியில் இருந்தது, அதனைப் பயன்படுத்தினர். எண் குறித்து ஒரு சோதனையை மட்டும் விலக்கும் தெரிவும் இருந்ததாயினும், சோதனையே இயங்காத இடத்தில் அதனால் பயன் விளையவில்லை. இவ்வாறு, பாதுகாப்புக்கென வைத்த கடுமையான முன்னமைவே, பாதுகாப்பை முழுவதும் கைவிடுமாறு செய்தது. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் பதிப்பில், சோதனை தனியொரு கட்டளையாகப் பிரிக்கப்பட்டது. திட்டக் கோப்பின் வழியே தொகுக்கும்போது அது தானே நடைபெறும். ஆயினும் தொகுத்தல் வேறு, சரிபார்த்தல் வேறு என்ற வரையறை தெளிவாயிற்று. ஓரிடத்தில் தொகுத்து, உரிய வசதியுள்ள மற்றோரிடத்தில் சரிபார்க்கவும் இதனால் வழியேற்பட்டது.

இருவகை இழப்புகள்

மேற்கூறிய அனுபவத்திலிருந்து ஒரு பொதுவிதியைப் பெறலாம். எந்தச் சோதனையிலும் இருவகை இழப்புகள் உண்டு. உண்மையான குறையைக் காணாமல் விடுவது ஒருவகை. இல்லாத குறையை உள்ளதாகக் கூறுவது மற்றொரு வகை. முதல் இழப்பைப் பயனாளர் ஏற்கிறார். இரண்டாவது இழப்பை உருவாக்குபவர் ஏற்கிறார். ஆனால் பொய்யான அறிவிப்புகள் மிகும்போது, உருவாக்குபவர் மெய்யான அறிவிப்புகளையும் படியாது விடுகிறார். அப்போது இரண்டாம் வகை இழப்பு, முதல் வகை இழப்பாக மாறிப் பயனாளரையே சென்றடைகிறது. சிறு குறைகளுக்கெல்லாம் தணிக்கைத் தடை எழுப்பினால், பெருங்குறை பற்றிய தடையும் கோப்போடு கோப்பாக உறங்கும் என்பதை அலுவலர்கள் நன்கறிவர்.

ஐஸ் வரிசையில் 91-ஆம் எண் சோதனை இதற்கு எடுத்துக்காட்டு. தனிப் பயனாளரின் கோப்பகத்தில் கோப்புகள் நிறுவப்பட்டால் அது எச்சரிக்கை தருகிறது. கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் அனைவருக்குமாக நிறுவப்படும் தொகுப்பில் இவ்வெச்சரிக்கை பொருத்தமானது. தனி ஒருவருக்கென்றே உருவாக்கிய தொகுப்பில் அது பொருளற்றது. இத்தகைய சோதனை எச்சரிப்பதோடு நிற்க வேண்டுமேயன்றி வேலையை நிறுத்தலாகாது.

ஆகவே, ஒரு சோதனைக்கு முன்னமைவு வகுக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். முதலாவது, இக்குறை வெளியே சென்றால் பயனாளருக்கு நேரும் தீங்கு எவ்வளவு, அதனைப் பின்னர் சரிசெய்ய இயலுமா? இரண்டாவது, இச்சோதனை தவறான முடிவு கூறும் வாய்ப்பு எவ்வளவு? மூன்றாவது, இதனை நடத்துவதற்குத் தேவைப்படும் நேரமும் வசதியும் யாவை? தீங்கு பெரிது, முடிவு உறுதியானது, செலவு சிறிது எனில், அச்சோதனை தானே நடைபெற்றுக் குறை கண்டால் வேலையை நிறுத்த வேண்டும். தீங்கு பெரிதாயினும் முடிவு ஐயத்திற்குரியதெனில் எச்சரிக்கை போதுமானது. நீண்ட நேரம் கொள்ளும் சோதனையை, ஒவ்வொரு சிறு திருத்தத்தின்போதும் நடத்தாமல், வெளியீட்டுக்குரிய தொகுப்பின்போது தவறாது நடத்துமாறு அமைக்கலாம்.

விலக்கும் காரணமும்

எத்துணை நுட்பமாக வகுத்தாலும் விதிவிலக்குத் தேவைப்படும் இடங்கள் உண்டு. விலக்கை எவ்வாறு அளிப்பது என்பதில் ‘டெபியன்’ என்னும் லினக்ஸ் அமைப்பினரின் நடைமுறை நமக்கு வழிகாட்டும். டெபியன் தொகுப்புகளை ஆராயும் கருவிக்கு ‘லின்டியன்’ என்று பெயர். அது கூறும் குறையை ஏற்க இயலாத தொகுப்பாளர், குறிப்பிட்ட அந்தக் குறைக்கு மட்டும் விலக்கு எழுதி, அதனைத் தொகுப்பின் மூலக் கோப்புகளோடு சேர்த்து வைக்கலாம். விலக்குக்கான காரணத்தையும் அங்கேயே குறிப்பாக எழுதலாம். பின்னாளில் அப்பொறுப்பை ஏற்பவர், முன்னவர் ஏன் அவ்வாறு செய்தார் என்பதை அறிய இது உதவுகிறது. குறை நீங்கிய பின்னரும் விலக்கு மட்டும் எஞ்சியிருந்தால், ‘இவ்விலக்குப் பயனற்றது’ என்றும் லின்டியன் தெரிவிக்கிறது.

2009-ஆம் ஆண்டில் டெபியன் களஞ்சியத்தின் பொறுப்பாளர்கள் மற்றொரு படி மேலே சென்றனர். லின்டியன் கூறும் குறைகளில் சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, அவையுள்ள தொகுப்புகளைக் களஞ்சியம் தானே மறுத்துவிடுமாறு செய்தனர். அக்குறைகளையும் இரண்டு பட்டியல்களாகப் பிரித்தனர். ஒரு பட்டியலில் உள்ளவற்றுக்குக் காரணம் காட்டி விலக்குப் பெறலாம். மற்றதில் உள்ளவற்றுக்கு எவ்வகை விலக்கும் இல்லை. நூற்றுக்கணக்கான விதிகளில் மிகச் சிலவே மீற முடியாதவை என வகுத்ததனால்தான், அச்சிலவற்றுக்கு மதிப்பு ஏற்பட்டது.

முன்னமைவை மாற்றும் முறை

நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கையாளும் கருவியில் முன்னமைவைத் திடீரென்று கடுமையாக்கினால், நேற்றுவரை இயங்கிய தொகுப்புகள் இன்று நின்றுபோகும். டெபியனின் ‘டெப்ஹெல்ப்பர்’ கருவி இச்சிக்கலைப் படிப்படியான மாற்றத்தால் தீர்த்தது. நிரலை உருவாக்கும்போது தோன்றிய ஒரு கோப்பு, எந்தத் தொகுப்பிலும் சேராமல் விடுபட்டுப் போவதுண்டு. இக்கருவி ‘பொருந்து நிலை’ என்னும் எண்களைக் கொண்டது. தொகுப்பாளர் எந்த நிலையை ஏற்கிறார் என்பதைத் தாமே குறிப்பிடுவார். 12-ஆம் நிலையை ஏற்றவர்களுக்கு, விடுபட்ட கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டுவது முன்னமைவாயிற்று. 2020-ஆம் ஆண்டில் வந்த 13-ஆம் நிலையில், அவ்வாறு ஒரு கோப்பேனும் விடுபட்டால் தொகுப்பு வேலை தோல்வியுறுவது முன்னமைவாயிற்று. பழைய நிலையிலேயே இருப்பவர்களின் வேலை தடைப்படவில்லை. புதிய நிலைக்கு வருபவர்கள் அதன் கடமைகளை அறிந்தே வருகின்றனர்.

‘ஃபெடோரா’ என்னும் மற்றொரு லினக்ஸ் அமைப்பின் 35-ஆம் பதிப்பு 2021-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிரல் தனக்குத் தேவையான நூலகக் கோப்புகளை எந்தக் கோப்பகத்தில் தேட வேண்டும் என்ற குறிப்பு, நிரலின் உள்ளேயே பதிந்திருப்பதுண்டு. அக்குறிப்பு, உருவாக்குபவரின் சொந்தக் கோப்பகத்தையோ, எவரும் எழுதக்கூடிய இடத்தையோ சுட்டினால், தீய நோக்கமுடைய ஒருவர் அவ்விடத்தில் தமது கோப்பை வைத்து நிரலை வசப்படுத்த இயலும். இக்குறையைக் கண்டறியும் சோதனை முன்னரே இருந்ததாயினும், கேட்டால் மட்டுமே நடைபெற்றது. 35-ஆம் பதிப்பு முதல் அது தானே நடைபெற்று, குறை கண்டால் வேலையை நிறுத்துகிறது. தவிர்க்க இயலாத தொகுப்புகளில், அந்த ஒரு சோதனையை மட்டும் விலக்குவதற்கு வழியும் வைக்கப்பட்டது. தீங்கு பெரிது, முடிவு உறுதியானது, செலவு சிறிது என்னும் மூன்றும் பொருந்திய சோதனை இது.

சோதனைக்கும் எல்லை உண்டு

சோதனையில் தேறிய தொகுப்பு குறையற்றது என்று கருதுவதும் பெரும் பிழையாகும். 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட ஒரு திருத்தம், உலகெங்கும் விண்டோஸ் கணிப்பொறிகளை நிலைகுலையச் செய்தது. பாதிப்புற்றவை ஏறத்தாழ 85 இலட்சம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் வழங்க நேர்ந்தது. அத்திருத்தம் சோதிக்கப்படாமல் அனுப்பப்பட்டதன்று. அதனை ஆராய்ந்த தானியங்கிச் சோதனை நிரலிலேயே குறை இருந்தமையால், பிழையான கோப்பு தேறியதாகக் கொள்ளப்பட்டது என்று அந்நிறுவனமே அறிவித்தது. இதன்பின், எல்லாக் கணிப்பொறிகளுக்கும் ஒரே வேளையில் அனுப்பாமல், சிலவற்றுக்கு முதலில் அனுப்பிப் பார்த்துப் படிப்படியாக விரிவுபடுத்தும் முறையை ஏற்பதாகவும் கூறிற்று. தானியங்கிச் சோதனை முதல் அரணேயன்றி முழு அரணன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நமக்குரிய கடமைகள்

இந்திய அரசு 2015-ஆம் ஆண்டில், அரசு அமைப்புகள் திறந்த மூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை வெளியிட்டது. உயர்நிலைக் கணினி மேம்பாட்டு மையமாகிய சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே மேலே கூறிய டெபியன் நடைமுறைகள் நமக்கு அயலானவையல்ல. மென்பொருளில் அடங்கியுள்ள உட்கூறுகளின் பட்டியலைக் கேட்டுப் பெறுவதற்கான தொழில்நுட்ப வழிகாட்டு நெறிகளை, இந்தியக் கணினி அவசரநிலைச் செயற்குழுவாகிய செர்ட்-இன் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மென்பொருளைப் பெறுபவர், அதன் உள்ளடக்கத்தைக் கேட்டறிய வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றி வருகிறது.

இதன் தொடர்ச்சியாக, மென்பொருளைக் கொள்முதல் செய்யும் அலுவலர்கள் ஒப்பந்தத்தின்போதே மூன்று விவரங்களைக் கேட்டுப் பெறலாம். தொகுப்புடன் அதன் சோதனை அறிக்கையும் இணைக்கப்பட வேண்டும். எந்தச் சோதனைகள் விலக்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் காரணம் யாது என்ற பட்டியல் வேண்டும். சோதனைகள் அனைத்தும் ஒருங்கே நிறுத்தப்படவில்லை என்ற உறுதிமொழியும் வேண்டும். இவற்றைக் கேட்பதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. கோப்புகளைப் படித்துப் பழகிய கூர்மையே போதும். தொகுப்பைப் பெற்ற பின்னரும், மாநிலம் முழுமைக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், ஓரிரு அலுவலகங்களில் நிறுவியும் நீக்கியும் பார்ப்பது நலம்.

கணிப்பொறியியல் பயிலும் மாணவர்கள் நாளை இத்தகைய கருவிகளை உருவாக்கக்கூடும். கருவியில் ஒரு சோதனையைச் சேர்ப்பது பாதிப் பணியே; அதற்குத் தக்க முன்னமைவை வகுப்பது மறுபாதி. குறையைச் சொல்லும் செய்தி, என்ன குறை, அதனால் யாருக்கு என்ன தீங்கு, திருத்துவது எவ்வாறு என்பவற்றை விளக்குவதாக இருத்தல் வேண்டும். சோதனை இயங்கவில்லை என்பதையும், தொகுப்பில் குறை உண்டு என்பதையும் தனித்தனியே கூற வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்தும் வழியைவிட, ஒன்றை மட்டும் விலக்கும் வழி எளிதாக இருக்க வேண்டும்.

முன்னமைவை வகுப்பவர், தாம் ஒருபோதும் காணப்போகாத பலருக்காகத் தீர்மானம் செய்கிறார். அவர்களுள் பெரும்பாலோர் அத்தீர்மானம் ஒன்று உண்டு என்பதையே அறியமாட்டார்கள். அளவுக்கு மீறிய கடுமை விதியை ஏட்டளவில் நிறுத்திவிடும். அளவுக்கு மீறிய தளர்ச்சி பயனாளரைக் கைவிட்டுவிடும். கடைப்பிடிக்கக்கூடிய விதியை, மீறுவதற்குக் காரணம் கூற வேண்டிய முறையில், தக்க இடத்தில் வைப்பதே சிறந்த முன்னமைவாகும்.